ஈஞ்சம்பாக்கத்துப் படங்களைச் சுவரில் மாட்டுவது எப்படி

என் தொழில் ஃபிரேம் போடுவது. ஃபிரேம் போட்ட கையோடு வந்து மாட்டியும் கொடுத்துவிடுங்கள் என்பார்கள். அப்படித்தான் கண்காட்சி வேலை என்னிடம் வந்து ஒட்டிக்கொண்டது. சமீப காலமாக இளைஞர்கள் சிலர் சோழமண்டலம் கலைஞர் கிராமத்து ஓவியர்களின் படங்களைத் திரட்டிக் கூட்டுக் கண்காட்சி வைக்க ஆசைப்பட்டு வருகிறார்கள். நல்ல விஷயம். ஹால் பிடித்துவிடுகிறார்கள், அழைப்பிதழ் அடித்துவிடுகிறார்கள், திறந்துவைக்கப் பெரிய மனிதர் ஒருவரையும் பிடித்துவிடுகிறார்கள். படத்தை எங்கே, எப்படி மாட்டுவது என்ற கேள்வி மட்டும் முதல் நாள் சாயங்காலம்தான் எழுகிறது. அவர்களுக்காக எழுதுகிறேன்.

யாருடைய படங்கள் என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம். சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும், அந்தப் பள்ளியோடு தொடர்புடைய ஓவியர்களும் சிற்பிகளும் சேர்ந்து 1966-ல் சென்னையின் தெற்குக் கடற்கரையோரம் ஈஞ்சம்பாக்கத்தில் உண்டாக்கிய ஊர்தான் சோழமண்டலம். அரசாங்கமோ ஜமீன்தாரோ தூக்கிக் கொடுத்ததல்ல. மெழுகு பூசிச் சாயமேற்றும் பாத்திக் துணியும் கைவினைப் பொருள்களும் செய்து விற்ற பணத்தை ஒன்றாகப் போட்டு வாங்கிய நிலம். வயிற்றுப்பாட்டுக்குக் கைவினை, மற்ற நேரத்தில் அவரவர் படம், அவரவர் சிற்பம் என்பதுதான் ஏற்பாடு.

மாட்டுகிறவனுக்கு இந்தக் கதை எதற்கு என்றால், அவர்கள் சேர்ந்து நிலம் வாங்கினார்களே தவிர சேர்ந்து ஒரே மாதிரி வரையவில்லை. பணிக்கரின் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசைப் படங்களில் ஜாதகக் கட்டம் மாதிரி கட்டங்களும், படிக்க முடியாத எழுத்துகளும் நிறைந்திருக்கும். கே. ராமானுஜம் பேனா மையால் காகிதத்தில் இடைவெளியே விடாமல் ஒரு கனவு ராஜ்யத்தையே இழைத்தவர். அதில் தொப்பி போட்ட ஆளாக அவரும் வந்து நிற்பார். 1973-ல் இளம் வயதிலேயே போய்விட்டார். ஜே. சுல்தான் அலியிடம் பழங்குடிக் கலையின் சாயலும் காளைகளும் எழுத்துகளும். கே.வி. ஹரிதாசனிடம் தாந்திரீக வடிவங்கள், அளந்து வைத்த வட்டமும் முக்கோணமும். எஸ்.ஜி. வாசுதேவ் என்றால் மரம். பணிக்கரின் மகன் நந்தகோபால் செம்பையும் பித்தளையையும் வெட்டிப் பற்றவைத்தவர். விஸ்வநாதனும் அக்கித்தம் நாராயணனும் அறுபதுகளிலேயே பாரீஸுக்குப் போய்விட்டார்கள்.

இவர்களை ஒரே ஹாலில் வைத்து ‘சோழமண்டலப் பாணி’ என்று ஒன்றைக் காட்ட நினைக்காதீர்கள். அப்படி ஒன்று இல்லை. இல்லாததை உண்டாக்கத்தான் எல்லாவற்றுக்கும் ஒரே கறுப்பு ஃபிரேம், ஒரே இடைவெளி என்று சிலர் கேட்கிறார்கள். கடைசியில் ஃபிரேம் கடை விளம்பரம் போல ஆகிவிடுகிறது (எனக்கு லாபம்தான், இருந்தாலும் வேண்டாம் என்பேன்). ஆளுக்கு ஆள் ஒவ்வாமல் நிற்பது தெரிய வேண்டும். ஆனால் ஒருவர் பேசும்போது பக்கத்துப் படம் குறுக்கே விழக் கூடாது. கூட்டுக் கண்காட்சியில் மாட்டும் வேலை முழுக்க இவ்வளவுதான்.

இனி தேதி. ஹால் காலியாக இருக்கிறதே என்று நவம்பரிலும் டிசம்பர் முன்பாதியிலும் பிடிக்காதீர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2016 டிசம்பர் 12-ல் வந்த வர்தாவையும் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. புயல் வராவிட்டாலும் அந்த மாதங்களில் காற்றில் இருக்கும் ஈரத்துக்குக் காகிதம் அலை அலையாக நெளியும். மார்கழி பாதிக்கு மேல் மாசி வரை நல்ல காலம். கச்சேரிக்காக வெளியூரிலிருந்து வந்தவர்களும் அப்போது ஊரில் இருப்பார்கள்.

ஹாலைப் பார்க்கப் போகும்போது இன்ச் டேப்பும் உங்கள் உள்ளங்கையும் போதும். உள்ளங்கையைச் சுவரில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தாலோ, பெயின்ட் பொடிந்து கையில் ஒட்டினாலோ அது ஓதம் ஏறிய சுவர். பின்னால் குளியலறையோ தண்ணீர்த் தொட்டியோ இருக்கும். அந்தச் சுவரில் காகிதப் படம் எதுவும் வேண்டாம். புதிதாக எமல்ஷன் அடித்துத் தருகிறேன் என்று ஹால்காரர் சொன்னால், மாட்டுவதற்கு ஒரு வாரம் முன்னாலேயே அடித்து முடிக்கச் சொல்லுங்கள்.

டேப்பால் சுவரை அளந்து, கதவு, ஜன்னல், ஸ்விட்ச் பெட்டி, தீயணைப்பான் மாட்டிய இடம் எல்லாவற்றையும் கழியுங்கள். 100 அடி சுவர் என்று சொன்ன ஹாலில் உபயோகமாவது 80 அடி தேறினால் அதிர்ஷ்டம். சராசரி படம் 3 அடி அகலம், இரண்டு பேர் படங்களுக்கு நடுவே குறைந்தது 2 அடி என்று வைத்தால் ஒரு படத்துக்கு 5 அடி. ஆக 16 படங்கள். எட்டுப் பேர் என்றால் ஆளுக்கு இரண்டு. இந்தக் கணக்கைப் போட்ட பிறகு ஓவியர்களிடம் போங்கள். கணக்குப் போடாமல் போனால் ஆளுக்கு ஐந்து கொடுப்பார்கள், எதையும் திருப்பி அனுப்ப உங்களுக்கு வாய் வராது.

படங்களை வாங்கும்போது கொஞ்சம் கறாராக இருங்கள். அந்த முதல் தலைமுறையில் பலர் இப்போது இல்லை. படங்கள் பிள்ளைகளிடமும் சேகரிப்பாளர்களிடமும் இருக்கின்றன. வாங்கும் இடத்திலேயே, வெளிச்சத்தில் வைத்து, முன்பக்கமும் பின்பக்கமும் நான்கு மூலைகளும் போனில் படம் எடுங்கள். ஏற்கெனவே இருக்கும் கீறல், உதிர்ந்த வண்ணம், ஃபிரேம் உடைசல் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, கொடுப்பவரும் வாங்குபவரும் கையெழுத்துப் போட வேண்டும். விற்பனைக்கா இல்லையா, விற்றால் யாருக்கு எவ்வளவு, இன்ஷூரன்ஸ் யார் செலவு என்பதும் அதே தாளில். தெரிந்த குடும்பம், எழுதிக் கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று தயங்க வேண்டாம். தெரிந்த குடும்பத்தோடுதான் பின்னால் பேச்சு வரும்.

கேன்வாஸின் பின்பக்கத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பழைய படங்களின் பின்னால் மரச்சட்டத்தில் சீட்டுகள் ஒட்டியிருக்கும். எந்த வருடம் எந்தக் கண்காட்சிக்குப் போனது, அப்போது என்ன தலைப்பு, சில சமயம் அன்றைய விலைகூட. ஓவியர் கைப்பட எழுதிய தேதியும் அங்கேதான் இருக்கும். அந்தப் படம் அசல் என்பதற்கு நாளை சாட்சி அதுதான். அழுக்காக இருக்கிறதே என்று அந்தச் சீட்டைச் சுரண்டுகிறவரை ஹாலுக்குள் விடாதீர்கள். புதுச் சீட்டு ஒட்டுவதாக இருந்தால் ஃபிரேம் மேல் ஒட்டுங்கள், பழைய சட்டத்தைத் தொட வேண்டாம்.

காகிதத்தில் வரைந்தவற்றை ஃபிரேமோடு வாங்கினால் கண்ணாடியைச் சாய்த்துப் பாருங்கள். காகிதம் கண்ணாடியில் நேராக ஒட்டிக்கொண்டிருந்தால் ஆபத்து. நம் ஊர் ஈரத்துக்கு மை கண்ணாடிக்கு ஏறிவிடும். நடுவில் அமிலம் இல்லாத மவுண்ட் போர்டு வைத்துக் காகிதத்துக்கும் கண்ணாடிக்கும் இடைவெளி கொடுக்க வேண்டும். ஏற்கெனவே ஒட்டியிருந்தால் நீங்கள் பிரிக்காதீர்கள். காகிதம் சீர்செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். பூஞ்சணம் பட்ட படமும் அப்படியே. துணியால் துடைப்பது, வெயிலில் காட்டுவது இரண்டும் கூடாது. தனியாகக் கட்டி வைத்து, மற்றப் படங்களோடு சேர்க்காமல் விடுங்கள்.

படங்கள் வந்து சேர்ந்ததும் டிரில்லை எடுக்காதீர்கள். எல்லாவற்றையும் சுவரோரம் தரையில், மெத்தைத் துணி போட்டுச் சாய்த்து வையுங்கள். ஒரு ராத்திரி அப்படியே இருக்கட்டும். மறுநாள் காலையில் ஹால் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தால், எது எதன் பக்கத்தில் நிற்காது என்பது பளிச்சென்று தெரியும்.

எதை எதன் பக்கத்தில் வைப்பது? வயது வரிசை வேண்டாம், அகர வரிசையும் வேண்டாம். நான் கோட்டைப் பார்ப்பேன். வண்ணம், பொருள் எல்லாம் ஆளுக்கு ஆள் மாறினாலும், சென்னைப் பள்ளியில் வந்தவர்களிடம் கோடு ஒன்று அழுத்தமாக உண்டு. ராமானுஜத்தின் மைக்கோட்டுக்குப் பக்கத்தில் செம்புக் கம்பி இழைத்த ஒரு சிற்பத்தை வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று தூக்கிவிடும். அதே ராமானுஜத்துக்குப் பக்கத்தில் 5 அடிக்குச் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு கேன்வாஸை வைத்துப் பாருங்கள், அந்தச் சின்னக் காகிதம் காணாமல் போய்விடும். ஹரிதாசனின் வடிவங்கள் சமச்சீரானவை, நேர் நடுவில் நின்று பார்க்க வேண்டியவை. அதற்கு ஒரு தனிச் சின்னச் சுவர் கொடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

அப்புறம், வாசலுக்கு நேர் எதிர்ச்சுவர். கூட்டுக் கண்காட்சியில் சண்டை வருவது இங்கேதான். குருவான பணிக்கர்தான் அங்கே இருக்க வேண்டும் என்பார்கள். மரியாதை சரி, ஆனால் இடம் சரியில்லை. அவருடைய குறியீட்டுப் படங்கள் கிட்டே போய் நின்று, கட்டம் கட்டமாகப் படிப்பது போலப் பார்க்க வேண்டியவை. வாசலில் நிற்பவனுக்கு 20 அடி தூரத்தில் அது வெறும் சந்தன நிறத்துக் கரைசல். எதிர்ச்சுவருக்கு, தூரத்திலிருந்தே ஆளை உள்ளே இழுக்கும் பெரிய வடிவம் வேண்டும். அது யாருடையதாக இருந்தாலும் சரி. பணிக்கரை வலது பக்கச் சுவரில், ஜனங்கள் நடை தளர்ந்து நிற்கும் இடத்தில் வையுங்கள். ஒருமுறை மூத்த ஓவியர் ஒருவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, “ஏம்பா, என் படத்தைக் கொண்டுபோய் மூலையில மாட்டிட்டியே” என்றார். “சார், மூலைக்கு வந்துதான் சார் எல்லாரும் திரும்பி நிப்பாங்க. திறக்கற அன்னிக்கு நீங்களே பாருங்க” என்றேன். திறப்பு விழா அன்று அவரும் அந்த மூலையில்தான் நின்று எல்லோரிடமும் பேசிக்கொண்டிருந்தார்.

இடம் முடிவானதும் அளவு. படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 58 அங்குலத்தில் வர வேண்டும். எல்லாப் படத்துக்கும் இந்த நடுக்கோடு ஒன்றே. மேல்விளிம்பைச் சமமாக வைப்பது வீட்டுக் கூடத்துக்குச் சரி, இங்கே வேண்டாம். கணக்கு இப்படி: படம் 36 அங்குல உயரம் என்றால் பாதி 18. 58-ஓடு 18 கூட்டினால் 76, அது ஃபிரேமின் மேல்விளிம்பு. பின்னால் கட்டிய கம்பியை நடுவில் விரலால் மேலே இழுத்துப் பிடித்து, அந்த இடத்திலிருந்து மேல்விளிம்பு வரை அளங்கள். 3 அங்குலம் வந்தால் 76-ல் 3 போக 73. ஆணி 73 அங்குலத்தில். படத்துக்குப் படம் அந்த 3 மாறும், அதனால் ஒன்றை அளந்துவிட்டு மற்றதற்கும் அதுவே என்று போட்டுவிடாதீர்கள். சுவர் முழுக்க 58-ல் நூல் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. தரையை நம்பி அளக்கவும் வேண்டாம். பழைய ஹால்களில் தரை ஒரு பக்கம் வாட்டமாக இருக்கும். கொத்தனாரின் ரசமட்டமோ, தண்ணீர் ஊற்றிய டியூபோ வைத்து நூலைச் சரிபாருங்கள்.

ஒரு படத்துக்கு ஒரே ஆணி போட்டால் ஆள் நடமாட்டத்திலும் ஃபேன் காற்றிலும் அது சாய்ந்துகொண்டே இருக்கும். 2 அடிக்கு மேல் அகலமான எதற்கும் இரண்டு ஸ்க்ரூ, பிளக் வைத்துப் போடுங்கள். கடலோர ஹால் என்றால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அல்லது பித்தளை ஸ்க்ரூ. சாதா இரும்பு, கண்காட்சி முடிவதற்குள் சுவரில் துருக்கோடு இழுத்துவிடும். ஃபிரேமின் பின்பக்கம் கீழ் மூலை இரண்டிலும் கார்க் வில்லை ஒட்டுங்கள். படத்துக்கும் சுவருக்கும் நடுவே காற்று ஓடும், ஈரம் தங்காது. மதியம் கடல்காற்று ஏறும் நேரத்தில் ஹாலின் கிழக்குக் கதவைச் சாத்தி வைப்பதும் நல்லது. பகலெல்லாம் ஏசி, ராத்திரி நிறுத்தம் என்று போட்டுப் போட்டு அணைப்பதைவிட ஏசி இல்லாமல் ஃபேன் மட்டும் ஓடுவது காகிதத்துக்கு மேல்.

விளக்கு விஷயத்தில் காகிதமும் கேன்வாஸும் ஒன்றல்ல. படத்தின் மேல் விழும் வெளிச்சத்தை லக்ஸ் கணக்கில் அளப்பார்கள். எண்ணெய் வண்ணத்துக்கு 200 லக்ஸ் வரை போகலாம். மைச்சித்திரத்துக்கும் நீர்வண்ணத்துக்கும் 50 லக்ஸ் போதும், அதற்கு மேல் நாள் பூராவும் அடித்தால் வெளுக்கும். லக்ஸ் பார்க்கப் போனிலேயே ஆப் கிடைக்கிறது, தோராயமாகச் சொல்லும். விளக்கைச் செங்குத்திலிருந்து 30 டிகிரி சாய்த்து வைத்தால் கண்ணாடியில் பார்ப்பவர் முகம் தெரியாது. வெயில் நேராக விழும் ஜன்னலை டிஷ்யூ துணியால் மறைக்காதீர்கள், கனத்த துணி போடுங்கள்.

சிற்பத்துக்கு வருவோம். எனக்குப் பிடித்த பகுதி இது. பொதுவாகச் சிற்பம் என்றால் சுற்றி வந்து பார்க்க 4 அடி விட வேண்டும் என்பார்கள். ஆனால் சென்னைப் பள்ளி உலோகச் சிற்பங்களில் பல முன்முகமானவை. பி.வி. ஜானகிராமின் தகட்டுச் சிற்பங்களையோ நந்தகோபாலின் உருவங்களையோ கவனித்தால், கோயில் மூலவரையும் உற்சவரையும் எதிரே நின்று பார்ப்பது போலத்தான் அவை நம்மைப் பார்க்கின்றன. சாமி சிலைக்குப் பின்னால் வளைந்து நிற்கும் திருவாசி கூட உண்டு என்று தோன்றும் அளவுக்கு ஒரு விரிவு பின்னால் இருக்கும். இவற்றை ஹால் நடுவில் அநாதையாக நிறுத்தாதீர்கள். சுவரிலிருந்து ஒன்றரை அடி முன்னால், பின்புறம் வெறுமையாக விட்டு, ஒரு பக்கத்திலிருந்து விளக்குப் போடுங்கள். தகட்டின் ஓட்டைகள் வழியாகச் சுவரில் விழும் நிழலும் சிற்பத்தில் சேர்த்திதான். முன், பின் இரண்டும் ஒரே அளவு வேலை செய்த கல், மரச் சிற்பங்களை நடுவில் வையுங்கள். பீடம் ஆடக் கூடாது. உள்ளே மணல் மூட்டை வைத்துவிட்டால் குழந்தைகள் இடித்தாலும் நிற்கும்.

செம்பைத் தொட வெள்ளைப் பருத்திக் கையுறை கட்டாயம். விரல் வேர்வை பட்ட இடம் சில நாளில் கறுத்து, கைரேகை அப்படியே பதிந்துவிடும். இன்னொன்று. ஒரு கண்காட்சியில் உதவிக்கு வந்த ஒருவர், பாவம், நல்ல எண்ணத்தில்தான், செம்புச் சிற்பத்தில் பச்சையாக இருக்கிறதே என்று புளியும் பீதாம்பரியும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நல்லவேளை, ஒரு விரல் அகலத்தோடு பிடித்துவிட்டோம். அந்தப் பச்சைக் களிம்பு பல சமயம் சிற்பி வேண்டுமென்றே வரவழைத்தது. அண்டாவைத் துலக்குவது போலத் துலக்கக் கூடாது. தூசி தட்ட மென்மயிர்த் தூரிகை மட்டும்.

பெயர்ச்சீட்டு சுருக்கமாக இருக்கட்டும்: பெயர், தலைப்பு, எதில் எதனால் செய்தது, வருடம், அளவு. அளவில் உயரம் முதலில், அகலம் பிறகு. தமிழும் ஆங்கிலமும் இருக்கட்டும், ஆனால் தமிழ் எழுத்தைச் சின்னதாகப் போட்டு ஒப்பேற்றாதீர்கள். 18 பாயின்ட்டுக்குக் குறைந்தால் பெரியவர்கள் கண்ணாடியைத் தேடுவார்கள். தலைப்பு வைக்காத படத்துக்கு நீங்களாகத் தலைப்பு வைக்க வேண்டாம், ‘தலைப்பில்லை’ என்று போடுங்கள். வருடம் உறுதியாகத் தெரியாவிட்டால் அந்த இடத்தைக் காலியாக விடுங்கள். தப்பான வருடம் ஒருமுறை அச்சானால் அடுத்த பத்து கேட்லாகிலும் அதுவே வரும்.

திறப்பு விழாவுக்கு இரண்டே எச்சரிக்கை. குத்துவிளக்கை எந்தப் படத்தின் கீழேயும் வைக்காதீர்கள். வாசலில் வையுங்கள். ஐந்து திரியின் புகை மேலே போகும் வழியில் கேன்வாஸ் இருந்தால் அது வெறும் கரி இல்லை, எண்ணெய்க் கரி, துடைத்தால் இழுபடும். காபி, போண்டா எல்லாம் ஹாலுக்கு வெளியே. பொன்னாடை போர்த்தும் இடத்தையும் படங்களிலிருந்து தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். போட்டோ எடுப்பவர் பின்னால் நகர்ந்து நகர்ந்து போய்க் கடைசியில் நிற்பது சிற்பத்தின் மேல்தான்.

விற்ற படத்துக்குச் சிவப்புப் பொட்டைச் சீட்டின் மேல் ஒட்டுங்கள், கண்ணாடியில் அல்ல. வாங்கியவர் அன்றைக்கே எடுத்துப்போகிறேன் என்றால் விடாதீர்கள். கடைசி நாள் வரை சுவர் நிறைந்திருக்க வேண்டும்.

இறக்கும் வேலை ஏற்றுவதைவிட வேகமாக நடக்கும், அதனால்தான் சேதமும் அப்போதே அதிகம். முதலில் சிற்பம், பிறகு கண்ணாடி போட்டவை, கடைசியில் கேன்வாஸ். வண்ணத்தின் மேல் நேராக பபிள் ராப் சுற்றினால் குமிழ் தடம் விழும். முதலில் பட்டர் பேப்பர், அதன் மேல் பபிள் ராப், குமிழ் வெளியே பார்க்க. வாங்கும்போது எடுத்த போட்டோவையும் கையெழுத்துத் தாளையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாக ஒத்துப்பார்த்து, திருப்பிக் கொடுக்கும் இடத்தில் மறுபடி கையெழுத்து வாங்குங்கள். பிளக்கைப் பிடுங்கிய ஓட்டைகளை வெள்ளை சிமென்ட்டால் அடைத்து, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டு, அதே நிறத்தில் ஒரு கை எமல்ஷன் அடித்துக் கொடுங்கள். ஹால் டெபாசிட் முழுசாகத் திரும்பி வரும்.